இரண்டே கட்டங்கள்

மட்டக்குளி. கூரைத் தகரம் கொதிக்கிறது.
மூன்று வருடப் பாடம் பத்து மாதத்தில்;
எத்தனை பேர் தேறினார்கள் என்று
எண்ணத்தான் என்னை அனுப்பினார்கள்.

பதினேழாவது பெயர் முஸ்னி, வயது பதின்மூன்று.
பெப்ரவரிக்குப் பின் வரவில்லை.
"கழித்தல் பிடிபட்ட கிழமையே போயிட்டான், மிஸ்,"
என்கிறார் றிஸ்மினா டீச்சர், இடாப்பைப் பார்க்காமலே.

பேலியகொடையில் தேடிப் பிடித்தேன்.
மூட்டை தூக்கியவன் இப்போது
கல்லாவுக்குப் பக்கத்தில், காதில் பென்சில்.
பெரிய வெங்காயம், சாக்கு எடை கழித்து,
முதலாளி வாய் திறக்குமுன் சொல்கிறான்.

"படிப்பு?"
"அதான் படிச்சிட்டேனே."

படிவத்தில் இரண்டே கட்டங்கள்:
தேறினான்.
இடைவிலகினான்.

திரும்பும் பஸ்ஸில், மடியில் படிவம்,
அதன்மேல் இரண்டு கிலோ வெங்காயம்.
அவன் தந்த மீதிக் காசை
நான் இன்னும் எண்ணிப் பார்க்கவில்லை.