மடிப்பில் ஓர் ஆறு

ஞாயிறு சாயங்காலம். பீடோர் கடைத்தெருவில்
கொய்யாக்காய்க் கடைகள் கித்தான் போர்த்திவிட்டன.
கிளினிக்கின் இரும்புக் கதவைப் பாதி இறக்கி
பல் பார்க்கும் நாற்காலியை மல்லாத்திப் போட்டு
அதன்மேல் விரிக்கிறேன்
பேராக் மாநிலத்தை.
ஓரங்களுக்கு, நோயாளிகளின் கழுத்தில்
துண்டு மாட்டும் கிளிப்புகள்.

வாய்க்குள் அடிக்கிற அதே விளக்கு
ஈப்போவிலிருந்து சித்தியவானுக்கு
நான் இழுத்த மெழுகுக் கோட்டில் விழுகிறது.
இருநூற்று இருபத்தெட்டுப் பாகை.
இந்த நாட்டில் ஒரு சலுகை:
காந்தம் காட்டும் வடக்கும் மெய்யான வடக்கும்
ஏறக்குறைய ஒன்று.
கூட்ட வேண்டாம், கழிக்க வேண்டாம்.
வேறெதில் வாய்த்தது எனக்கு இப்படி.

பத்துக் கடல்மைலுக்கு ஒரு குறுக்குக் கீறல்.
பக்கத்தில் பொடியெழுத்தில் நிமிடங்கள்.
ஓரிடத்தில் மட்டும்
'11 ஆறு' என்று எழுதியிருக்கிறேன்.

கருவிகளைக் கொதியலில் போட வந்த யோகமலர்
எட்டிப் பார்த்தாள்.
"பதினொன்னுல ஆறு போனா அஞ்சு, டாக்டர்.
அஞ்சு எங்க?"

அப்புறம் அவளுடைய தோட்டத்தைக் கேட்டாள்.
நோர்த்வேல், ரெண்டாவது டிவிஷன்.
ஐந்நூறு அடிக்குக் கீழே எல்லாமே
ஒரே பச்சை, என்றேன்.
பென்சில் முனையை ஊன்றிக் காட்டினேன்:
இந்தப் புள்ளிக்கு அடியில்
உன் வீடு, காளி கோயில், ஆலை, பள்ளிக்கூடம்,
நேற்று நீ பஸ்ஸைத் தவறவிட்ட முச்சந்தி.
முனையைத் தூக்கியதும் குனிந்து பார்த்தாள்.
கரி மட்டும் இருந்தது.
"அழிச்சிடுங்க," என்றாள். "வீட்டுல யாராச்சும் இருப்பாங்க."

பஞ்சை ஸ்பிரிட்டில் நனைக்கிறேன்.
தேநீர்க் கறையும் சிகரெட் கறையும் சுரண்டிய கைக்கு
மெழுகு ஒரு பொருட்டில்லை.
காற்றின் அம்புக்குறி போகிறது.
வானொலி அலைவரிசை போகிறது.
கமாருல் காப்பிக் குவளையை வைத்த வட்டம் போகிறது
(அந்த வட்டத்துக்குள் ஒரு மலை இருந்திருக்கிறது).

சிறிய பெருக்கல் குறி ஒன்று.
10.42.
போன சனிக்கிழமை நான் திரும்பிய இடம்.
கிளம்பும்போது செம்பனை ஓலைகளைக்கூட எண்ணலாம்.
எட்டாவது நிமிடம் பச்சை சாம்பலானது.
பதினொன்றில்
ஆறு இருக்கவேண்டிய இடத்தில்
யாரோ வாய் நிறையப் பஞ்சடைத்த மாதிரிப் புகை.
கீழே எதுவும் இல்லை, பக்கத்திலும் இல்லை.
என் குரல் கட்டுப்பாட்டு அறைக்கு
என்னைவிட நிதானமாகச் சொன்னது: திரும்புகிறேன்.
நாற்பத்தெட்டுப் பாகை.
இறங்கிய பிறகு கமாருல் சொன்னான்:
"ஆறு அங்கதான் இருந்திருக்கும்."
இருந்திருக்கும்.

அந்தக் குறியை அழுத்தித் துடைத்தேன்.
தேவைக்குமேல்.
மடிப்பில் பிளாஸ்டிக் உறை வெடித்திருந்தது,
ஸ்பிரிட் உள்ளே இறங்கிவிட்டது.
பஞ்சை எடுத்தால் பஞ்சில் நீலம்.
போத்தாவுக்குப் பக்கத்தில் பேராக் ஆறு
ஒரு நகத்தளவு காணோம்.
தரையில் அது ஐந்து கிலோமீட்டர்.

மருந்துக் கம்பெனி கொடுத்த நீலப் பேனா மேசையில் இருக்கிறது.
வரைந்துவிடலாம்.
ஆனால் எந்தப் பக்கம் வளைகிறது?
முப்பது தடவையாவது கடந்திருக்கிறேன்.
தெரிந்ததும் கடிகாரத்தைப் பார்ப்பேன்,
டிக் போடுவேன், அடுத்த கீறலுக்குப் போய்விடுவேன்.
நடுவில் மணல்திட்டு உண்டா?
படகுகள்?

பல் போன குழியை நாக்கு விடாது
என்று தினமும் நாலு பேரிடமாவது சொல்கிறேன்.
என் ஆட்காட்டி விரல்
வெளுத்த இடத்திலேயே நிற்கிறது.

யோகமலர் விளக்கைக் கேட்டாள், கருவி எண்ண வேண்டுமாம்.
இருட்டில் கிளிப்புகளைக் கழற்றி
மடித்தேன்,
இந்த முறை பழைய மடிப்பில் இல்லாமல்.
புதுப் படத்துக்கு எழுதிப் போடவேண்டும், வர மாதமாகும்.
சனிக்கிழமை மழை வந்து புகை கரையும் என்கிறார்கள்.
நீலப் பேனாவைச் சட்டைப்பையில் செருகினேன்.
நாளை காலை எட்டரைக்கு
ஒரு கடைவாய்ப் பல்.