எல்லையிலிருந்து எறிதல்

விழா மலருக்கு இரண்டு பக்கம் கேட்கிறார்கள்,
அணியின் வரலாறாம்.
என்னிடம் இருப்பது ஒரு செருப்புப் பெட்டி.
பெட்ரோல் ரசீதுகள், ஊதினால் காற்று மட்டும் வரும் விசில்,
பஞ்சில் சுற்றிய ஒரு பல்.

முதல் ஆட்டத்துக்கு வண்டியில் பதின்மூன்று பேர்,
என்னையும் சேர்த்து.
கராஷ்யோக் மருத்துவமனையில் நர்ஸ் நான்.
அயோடின் கொண்டுவரச் சொன்னவர்கள்
சட்டைகளையும் நீயே பார்த்துக்கொள் பிரெத் என்றார்கள்.
முப்பத்தொரு வருடமாகப் பார்த்துக்கொள்கிறேன்.

சட்டை நீலம் என்று உடனே முடிவானது.
எந்த நீலம் என்பதில் ஒரு ராத்திரி போயிற்று.
இது நார்வேக் கொடியின் நீலம் என்றான் ஒருவன்,
அது பின்லாந்துடையது என்றான் இன்னொருவன்.
விடிகாலையில் ஓவ்லா எழுந்து
தன் கல்யாண அங்கியைக் கழற்றி மேசைமேல் போட்டான்.
"இந்த நீலம்."
கிழிந்த பனியனோடு காப்பியை முடித்தான்.

பன்னிரண்டுக்குப் பூஜ்யம்.
பூஜ்யம் எங்களுடையது.
செய்தித்தாளில் நாலு வரி, அதிலும் ஊர்ப்பெயர் தப்பு.
பன்னிரண்டு தடவை வலைக்குள் குனிந்த யெஃபீம்
திரும்பும் வழியெல்லாம் சிரித்துக்கொண்டு வந்தான்:
"இத்தனை பேர் என்னைத் தேடி வந்ததே இல்லை."
ரஷ்யப் பக்கம், லுயாவ்ரில், கொதிகலன் பார்ப்பவன்.
ஒவ்வோர் ஆட்டத்துக்கும் இரண்டு நாள் பயணம்,
ஒரு கையில் புகைபோட்ட மீன்,
மறு கையில் நாலு முத்திரை விழுந்த காகிதம்.

பயிற்சியாளர் கத்துவது வடக்குப் பேச்சு.
தெற்கத்திப் பையன்களுக்குப் பாதிதான் புரியும்.
கடைசியில் எல்லோரும் நார்வே மொழியில் திட்டிக்கொண்டோம்,
விடுதிப் பள்ளியில் பிரம்பு சொல்லித்தந்ததை.
அதில் மட்டும் யாருக்கும் தடுமாற்றம் இல்லை.

ஒரு மே மாதம், இடைவேளையில் யோவ்னா கிளம்பிவிட்டான்.
பனி உடையுமுன் மந்தை ஆற்றைக் கடக்கவேண்டும்.
காயமா என்று நடுவர் கேட்டார்.
கலைமான் என்றேன்.
அறிக்கையிலும் அப்படியே எழுதியிருக்கிறார்,
காரணம்: கலைமான்.
அன்றைக்குப் பத்துப் பேரோடு ஜெயித்தோம்.
எங்களைப்போல் உலக சபையில் நாற்காலி இல்லாத
ஏதோ ஒரு தீவுக்காரர்களை.
அவர்களும் அழகாகத்தான் ஆடினார்கள்.
ஆட்டம் முடிந்து ஒரே அண்டாவில் சூப் குடித்தோம்.
கடைசிக் கோல் கை பட்டதுதான்.
இதை நான் எழுதலாமா தெரியவில்லை,
ஓவ்லா இன்னும் உயிரோடிருக்கிறான்.

பிறகு கிழக்கே சாலையை மூடினார்கள்.
முதலில் ஒரு மாதம் என்றார்கள்.

ஒன்றாம் எண் சட்டையைச் சேர்த்தே துவைக்கிறேன்.
நான்கு பருவமாக அழுக்கே இல்லாமல் துவைபடுகிறது.
புதுக் காவலன் மாஹ்தே நல்ல பையன், நல்ல உயரம்,
தனக்கு என்ன எண் என்று கேட்டான்.
பன்னிரண்டைக் கொடுத்தேன்.
ஏனென்று கேட்கவில்லை.
கேட்டிருந்தால் சாயம் போய்விட்டது என்று சொல்லியிருப்பேன்.

ஓரத்தில் உட்கார்ந்து பார்க்கும்போது ஒன்று உறுத்தும்.
பந்து கோட்டைத் தாண்டினால்
யாரோ ஒருவர் ஓடிப்போய் எடுக்கிறார்,
இரண்டு கைகளாலும், தலைக்கு மேலே தூக்கி,
உள்ளே எறிகிறார்.
இதற்கு யாரும் முத்திரை கேட்பதில்லை.
சுண்ணாம்பை மிதித்துத் திரும்பி ஓடுகிறார்கள்,
பூட்ஸில் வெள்ளை ஒட்டியிருக்கும்,
அதையும் நான்தான் துடைக்கவேண்டும்.

போன ஈஸ்டருக்குத் தெரியாத எண்ணிலிருந்து ஒரு செய்தி:
"பிரெத், என் பல் பத்திரமா?"
ஏழாவது கோலின்போது விழுந்தது.
கம்பத்தில் மோதியும் அந்தக் கோலைத் தடுக்கவில்லை.

பத்திரம் என்று பதில் போட்டேன்.
போய்ச் சேர்ந்ததற்கான குறி இன்னும் விழவில்லை.

இரண்டு பக்கம் தாண்டிவிட்டது.
எதை வெட்டுவது என்று கேட்டால்
பன்னிரண்டு கோலையும் விட்டுவிடுங்கள் என்பேன்.
வெட்டுவதென்றால் அந்த வெற்றியை வெட்டுங்கள்.