பத்துப் பேர்ச்

முதல் கொமிசன் கிடைத்த அன்று
மக்கெய்சர் மைதானத்து மதிலோரம் நின்று
மூன்று தரம் எண்ணினேன்.
நூற்றுக்கு இரண்டு.
அதிலும் பாதி லாபீர் நானாவுக்கு;
கேற்றுத் திறப்பு அவரிடம்தான் இருந்தது.
எங்கிருந்தோ வந்த மான் ஒன்று
கடித உறையை முகர்ந்து
நுனியைக் கொஞ்சம் தின்றது.
காசை இழுத்துக்கொண்டு
ஸ்கூட்டியை எடுத்தேன்.

பிறகு இரண்டு வருடம்.
உப்புவெளி, ஆனந்தபுரி, பாலையூற்று,
மழை பெய்தால் மட்கோவில் எந்த ஒழுங்கையில்
சக்கரம் புதையும் என்பது வரை.
'ரோட்டுக்குக் கிட்ட' என்பேன்.
'கிட்ட' எவ்வளவு இழுத்தாலும் அறாத சொல்.
'கடல் தெரியும்' என்பேன்
மொட்டைமாடி கட்டியபின் என்பதை
மனதுக்குள் சேர்த்து.
'நல்ல தண்ணி' என்பேன்.
அதற்கு மேல் எவரும் கேட்டதில்லை.

காணிப் பதிவகத்தில்
பழைய தோம்புகளை வாசிக்கப் பழகினேன்.
வடக்கே ஒழுங்கை.
கிழக்கே செல்லம்மா பேரிலுள்ள காணி.
தெற்கே புளியமரம்.
போய்ப் பார்த்தால் மரம் இல்லை,
அடிக்கட்டையும் இல்லை.
கடதாசியில் மட்டும் நின்று
ஐம்பது வருடமாக எல்லை காக்கிறது.

அந்தப் புளியமரத்துக் காணியைத்தான் வாங்கினேன்.
சாம்பல்தீவுக்கு உள்ளே, பத்துப் பேர்ச்.
கொமிசன் சேர்த்தது ஏழு லட்சம்,
சீட்டு எடுத்தது மூன்று,
சங்கிலியும் காப்பும் வங்கியில் படுத்து இரண்டு.
இரத்தினவடிவேல் பதினாலு கேட்டார்.
நான் ஒன்றும் பேசவில்லை.
போனைப் பார்த்தேன். மணியைப் பார்த்தேன்.
பக்கத்துக் காணியைப் பார்த்தேன்.
ஊருக்காகப் பழகிய வித்தை எல்லாம்
ஒரு மனிசன்மேல் இறக்கினேன்.
பன்னிரண்டுக்கு வந்தார்.

நொத்தாரிசின் மேசையில்
பேனை மூடியைக் கழற்றியபடி கேட்டார்:
"உமக்கோ பிள்ளை,
இல்லாட்டி ஆருக்கும் வாங்கிக் குடுக்கிறீரோ?"
"எனக்கு" என்றேன்.
ஆயிரம் தரம் விலை சொன்ன வாய்,
குரல் வரவில்லை.
நொத்தாரிசு நிமிர்ந்து
"பெயரைத் திரும்பச் சொல்லுங்கோ" என்றார்.
யாழ்மொழி சிவபாதம், என்றேன்,
யாரோ ஒருத்தியை அறிமுகம் செய்வதுபோல.

பின்னேரம் தனியே போனேன்.
நாலு கல்லையும் காலால் தட்டிப் பார்த்தேன்.
கிணற்றில் வாளி விட்டு
இரண்டு கையிலும் ஏந்திக் குடித்தேன்.

சவர்.

துப்பவில்லை. விழுங்கிவிட்டு
அப்படியே குந்தினேன்.
இரண்டு வருடம், பதினொரு விற்பனை,
ஒரு கிணற்றிலும் நான் குடித்ததில்லை.
போத்தல் தண்ணீர்
எப்போதும் பையில் இருந்தது.

நாலு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை
டிலக்சனும் மனைவியும் வந்தார்கள்.
அவன் அடி வைத்து அளந்தான்,
பதினைந்து தரலாம் என்றான்.
மூன்று லட்சம்! கணக்கு எனக்குள்
மூன்று பக்கமும் ஓடியது.
அவள் கிணற்றுக் கட்டில் சாய்ந்தபடி,
"தண்ணி எப்பிடி அக்கா?"

சொல் நாக்கின் நுனிக்கு வந்துவிட்டது.
கயிற்றை எடுத்தேன்.
வாளியை அவள்முன் வைத்தேன்.
ஒரு மிடறு. முகம் சுருங்கியது.
துப்பிவிட்டு, என்ன நினைத்தாளோ,
சிரித்தாள்.
"பதின்மூன்றரை" என்றான் அவன்,
பிறகு, "யோசிச்சுச் சொல்லுறம்."
மோட்டார் சைக்கிள்
நிலாவெளி ரோட்டில் ஏறும் சத்தம் கேட்டது.

லாபீர் நானா போன் எடுத்தார்.
"வித்தாச்சா மகள்?"
"இல்ல நானா."
"எவ்வளவு கேட்டான்?"
சொன்னேன்.
"தண்ணியக் காட்டினியா?"
பதில் சொல்லவில்லை.
"பைத்தியக்காரி" என்றவர் வைக்காமல்
கொஞ்ச நேரம் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

சங்கிலிக்கு வட்டி திங்கட்கிழமை.
சீட்டு இன்னும் ஏழு மாதம்.
வாளியில் மிஞ்சியதைத் தூக்கிப் போய்
தெற்கு மூலையில் ஊற்றினேன்.
புளியமரம் நிற்பது அங்கேதான் என்று
என் உறுதி சொல்கிறது.