வினாடிக்கு ஒரு முறை

ஆறரைக்கு மேல்தான் உடைகிறது என்றார் ஹெட்லி பெங்கெல்லி.
எனக்கு வசதி பகல்தான்.
பகலில் போனேன்.

யார்க் தீபகற்பத்தில் கூரையேறினால் இரண்டு பக்கமும் கடல் மணக்கும்.
கலா கிளிகள் கொறித்த கேபிளை மாற்றினேன்.
இணைப்பியின் கழுத்தில் பச்சை பிடித்திருந்தது, அதையும்.
கம்பத்து உச்சியில் பழைய ஆம்ப்ளிஃபயர்,
உள்ளே ஒரு கரண்டி மழைத்தண்ணீர்.
புதிதைப் பூட்டியதும் மீட்டர் அறுபத்திரண்டு காட்டியது.
கோபுரம் எண்பது கிலோமீட்டர் தள்ளி.
நடுவே பார்லித் தாள், சுண்ணாம்புக்கல், ஆடுகள்.
படம் துடைத்துவைத்த மாதிரி இருந்தது.
பணம் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அன்றிரவே போன்.
"வானிலை சொல்கிறவள் சதுரம் சதுரமாகக் கொட்டிப்போகிறாள்.
மழை உண்டு என்றாளா, இல்லை என்றாளா?"
விதைப்பு மாதம்.
அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு யாரும் தூங்கமுடியாது.

பழைய ஒளிபரப்புக்குக் கொஞ்சம் தாட்சண்யம் இருந்தது.
புள்ளி தெறிக்கும், நிழலாடும்,
ஆனாலும் ஆள் யாரென்று தெரியும்.
டிஜிட்டலுக்கு அந்தப் பழக்கமில்லை.
விளிம்புவரை பளிங்கு,
விரற்கடை தாண்டினால் கிணறு.

உரக் கம்பெனி நாள்காட்டியின் பின்புறத்தில்
நேரங்களைக் குறித்துவைத்திருந்தார்.
ஏழு நாலு. ஏழு பதினொன்று. ஏழு இருபது, ஒலியும் போச்சு.
வறண்ட இரவுகள் வெறுமையாக,
பனி இறங்கிய இரவுகள் பென்சிலால் கறுத்து.
நான் படித்த எந்தப் பாடத்தையும்விடத் தெளிவான தாள்.
அவருக்கு மட்டும் அது வேறு விதமாகத் தெரிந்தது:
"லெயித் தான். வேலிக்கு அப்பால் எதையோ ஓட்டுகிறான்."

லெயித் தம்பி.
நிலத்தைப் பிரித்து பதினொரு வருடம்,
பேச்சும் அன்றோடு சரி.
அவர் வீட்டுக்கும் போனேன்.
அங்கேயும் அதே ஏழு மணி, அதே சதுரங்கள்.
"அண்ணன்தான்" என்றார். "வேறு யார்?"

இருட்டியபின் கிளம்பினேன்,
கையில் பேட்டரி ரேடியோ,
எந்த நிலையமும் இல்லாத இடத்தில் முள்ளை நிறுத்தி.
இரைச்சல். இரைச்சலுக்குள்
டக்.
டக்.
வினாடிக்கு ஒரு முறை, யாரோ நாக்கைத் தட்டுகிற மாதிரி.
மேற்கே திரும்பினால் மெலிந்தது.
வேலியோரம் நடந்தால் தடித்தது.
பூட்ஸ் முழங்கால்வரை நனைந்துவிட்டது.

நாற்பதாவது கம்பமோ என்னவோ, எண்ணவில்லை.
மின்வேலிக் கம்பியைத் தாங்கும் இன்சுலேட்டரில்
மயிரிழை விரிசல்.
பனி அதில் உட்கார்ந்து வழி போட்டுக்கொடுக்க,
அரிசி மணியளவு நீலம்
துள்ளி ஆணிக்கு ஓடியது.
இரண்டு வீட்டுச் செய்தியையும் வெட்டிக்கொண்டிருந்தது அதுதான்.

ரேடியோவின் சத்தம் கேட்டோ என்னவோ
இரண்டு பக்கத்திலிருந்தும் இரண்டு டார்ச்.
"கம்பம் அவனுடையது" என்றார் ஹெட்லி, என்னிடம்.
"கரண்ட் அவருடையது" என்றார் லெயித், அவரும் என்னிடம்.
இருவரும் சொன்னது நிஜம்.
எனக்குக் கால் விறைத்தது.
யாராவது அதை அணைக்கிறீர்களா என்றேன்.

ஹெட்லி கொட்டகைக்கு நடந்தார்.
அரை கிலோமீட்டர் இருக்கும்.
நீலம் நின்றது. ரேடியோவில் இரைச்சல் மட்டும்.
தூரத்திலிருந்து, "அணைச்சாச்சு!"
லெயித் வாயைத் திறந்தார், மூடினார்,
டார்ச்சை இரண்டு முறை சிமிட்டினார்.

வேனில் உருண்டுகொண்டிருந்த பழைய இன்சுலேட்டர் ஒன்று,
இரண்டு ஆணி, ஐந்து நிமிடம்.

வெளிக்கேட்டைச் சாத்தும்போது திரும்பிப் பார்த்தேன்.
இருட்டில் இரண்டு ஜன்னல்கள்,
நீலம், பிறகு வரைபடத்தின் பச்சை,
இரண்டும் ஒரே நொடியில் மாறின.
வேன் ரேடியோவும் அதைத்தான் சொன்னது:
மழை இல்லை.

ரசீது இரண்டாக எழுதினேன், ஆளுக்குப் பாதி.
ஒன்றுக்குத்தான் பணம் வந்திருக்கிறது.
யாருடையது என்று கேட்காதீர்கள்,
இன்னும் இரண்டு வீட்டுக்கும் போகவேண்டியிருக்கிறது.