முப்பத்தைந்தில் ஒன்று

பகலில் பல் செய்கிறேன்,
மாயவரம் பட்டமங்கலத் தெரு மாடியில்.
ஏ-மூன்று, ஏ-மூன்றரை என்று
மஞ்சளுக்குள் இருக்கும் மஞ்சள்களைப் பிரித்து
மணல்மேட்டு வாய்க்கு ஒன்று, குத்தாலத்து வாய்க்கு ஒன்று.
ராத்திரி டாங்கி.

அதே விளக்கு, அதே உருப்பெருக்கி,
சொத்தை தேடும் அதே வளைந்த ஊசி.
டி-ஐம்பத்தைந்து; முப்பத்தைந்தில் ஒரு பங்கு.
சங்கிலிக்கு, பக்கத்துக்குத் தொண்ணூறு கண்ணி.
ராவி, ஒட்டி, எண்ணிக்கொண்டே வந்து
எண்பத்தொன்பதில் கரண்டு போய்
மறுபடி ஒன்றிலிருந்து.

பச்சைதான் தகராறு.
கிடைத்த படமெல்லாம் கறுப்பு வெள்ளை.
கலரில் ஒன்று கிடைத்தது, அதுவும் வெளுத்து
கத்தரிக்காய்க் காம்பு மாதிரி.
முற்றின வெண்டைக்காயா, வாழை மட்டையா,
தண்ணீர் வடிந்த மறுநாள் குளத்துப் பாசியா?
பதினோரு பச்சை கலந்து
பழைய பல் அச்சுகளில் தடவிக் காயவைத்தேன்.
பச்சைப் பல்லோடு பதினோரு வாய்
அலமாரியிலிருந்து இளித்தன.
டீ கொண்டுவரும் பையன் ஒரு வாரம்
வாசலிலேயே கிளாஸை வைத்துவிட்டுப் போனான்.

ஐப்பசி வேறு.
மேட் வார்னிஷ் அடித்தால்
காற்றில் இருக்கும் ஈரமெல்லாம் வந்து உட்கார்ந்து
டாங்கி முழுக்க வெள்ளை பூக்கிறது.
ஜன்னலைச் சாத்தினேன், அரிசி டப்பாவில் வைத்தேன்,
தங்கையின் ஹேர் டிரையரைப் பிடுங்கி வந்தேன்.
காவிரி இங்கிருந்து அரை மைல்.
உனக்கும் மேற்கு எல்லைக்கும் சம்பந்தமில்லை என்று
அதனிடம் யார் போய்ச் சொல்வது?

முகப்பு விளக்குக்கு மட்டும் மூன்று ராத்திரி.
உள்ளே சாக்லேட் தாளின் வெள்ளி,
மேலே ஒரு சொட்டுப் பிசின்,
காப்புக் கூண்டுக்குத் தலைமுடி கனத்தில் கம்பி.
திருப்பினால் கண் சிமிட்டும்.
எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்தது.

செட் அளவு பார்க்க வந்தார் குஞ்சிதபாதம்.
கீழ்வரிசை இன்னும் மெழுகில்.
வெறும் வாயோடு ஜன்னல் பக்கம் பார்த்தவர்
"தப்பு" என்றார்.
பல் இல்லாததால் 'த' வெறும் காற்றாக வந்தது.

"லைட்டு மின்னுது. மின்னுனா
மேலேர்ந்து பாத்துடுவான்.
லைட்டு, நம்பரு, கண்ணாடி, எல்லாத்துலயும் சேறு.
வாய்க்கா சேத்த வாளியில அள்ளி
வரப்புக்கு அண்டை வைக்கிற மாதிரி,
ரெண்டு பேரு, ஆளுக்கொரு பக்கம்,
கையாலயே, இப்படி"
என்று என் மேசையில் இழுத்துக் காட்டினார்.
வார்ப்பு மாவு படிந்த மேசை.
மூன்று கோடுதான் விழுந்தது.

அவர் போன பிறகும் நான் துடைக்கவில்லை.

மூன்று ராத்திரி விளக்கை மூட மூன்று நிமிஷம்.
சேற்றுக்கு ஏ-மூன்று, பி-இரண்டு கிடையாது.
நம் வயல் வண்டல் ஆகாது, கறுப்பு;
மாவும் காப்பித்தூளும் கொஞ்சம் காவியும் குழைத்தேன்.
ஒரு விரலின் அகலம் இந்தக் கணக்கில்
அரை மில்லிமீட்டர்.
ஊசிமுனையை அந்த அளவுக்குத் தேய்த்துக்கொண்டு
இடப்பக்கம், பெயர் தெரியாதவர் பக்கம்,
நாலு நாலு கோடாக இழுத்துவிட்டேன்.
வலப்பக்கம் அவருடையதாக வைத்துக்கொண்டேன்.
ஒன்று. இரண்டு. மூன்று.
ஊசி அப்படியே நின்றது.

விரல் போனது எப்போது?
வாளியில் கைவிடும்போதே மூன்றுதானா,
இல்லை, அதற்கப்புறம் குண்டு ஏற்றுகையில்
பீரங்கியின் பின்கதவிலா,
இல்லை, எல்லாம் முடிந்து ஊருக்கு வந்து
ஏதோ ரைஸ்மில் பெல்ட்டிலா?

டாங்கியை ஈரத்துணியால் மூடி வைத்திருக்கிறேன்.
வெளியே மழை.
இந்த ஈரம் முதல்முறையாக என் கட்சி;
வெள்ளிக்கிழமைவரை சேறு காயாது.
பதினோரு மணிக்கு வருகிறார்,
மேல்வரிசை, கீழ்வரிசை, ஏ-மூன்றரை.
பல்லைப் பொருத்திவிட்டுக் கேட்பதா,
பொருத்துமுன் கேட்பதா?