அலகின் மேல் ஒரு குழாய்

தண்ணீர்த் தொட்டிக்கும் சுவருக்கும் நடுவில்
கரித்துணிபோல் கிடந்தது.
காலால் தள்ளப் போனேன். கண் இமைத்தது.

வௌவால் என்றான் நோல்பெர்த்தோ,
இரவு ஷிஃப்ட் முடிந்து பூட்ஸ்கூடக் கழற்றாமல்.
எதிர்வீட்டு எதுவினா வேலிக்கு மேல் எட்டி
தகைவிலான் என்றாள்.
காலைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டாள்.

வாத்துக்கால்.
அட்டகாமாவில், வாத்துக்கால்!
மழை பெய்து பார்த்ததில்லை என் மகள்.

யாஸ்னா ஸ்கேல் வைத்து அளந்தாள்:
அலகு ஒன்றரை சென்டிமீட்டர்,
அதன் மேல் ஒரு குட்டிக் குழாய்.
எதற்கென்று யாருக்கும் தெரியவில்லை.
முகர்ந்து பார்த்தது நான்தான்.
மத்தி டப்பாவைத் திறந்த வாடை.

கடலோ எண்பது கிலோமீட்டருக்கு அப்பால்.

அப்போதுதான் சொன்னான் நோல்பெர்த்தோ:
சுரங்க விளக்குகளின் அடியில்
விடிந்தால் இப்படிச் சில கிடக்கும்,
கூட்டித் தள்ளிவிடுவோம்.
உப்புத்தரைப் பொந்துகளில் முட்டையிடுமாம்,
யாரோ இரண்டு பேர் வந்து சொன்னார்கள்.
பெயரும் சொன்னார்கள்.
மறந்துவிட்டது.

ஷூ டப்பாவில் ஓட்டை போட்டோம்.
பஸ்ஸில் டிரைவர் அதற்கும் டிக்கெட் கேட்டார்,
சிரிக்காமல்.

அந்தி மங்கியதும் மூடியைத் திறந்தேன்.
நடக்கத் தெரியவில்லை அதற்கு,
முழங்காலில் தவழ்ந்தது.
பிறகு ஒரு காற்று வந்தது.
அவ்வளவுதான் நாங்கள் பார்த்தது.

திரும்பும் வழியில் யாஸ்னா கேட்டாள்,
"அப்பா, இதுவரை எத்தனை கூட்டியிருப்பாய்?"
ஜன்னலுக்கு வெளியே ஒன்றும் தெரியாத இருட்டை
அவன் வெகுநேரம் பார்த்துக்கொண்டு வந்தான்.

வாசல் பல்பைக் கழற்றிவிட்டோம்.
இப்போதெல்லாம்
சாவித் துவாரத்தை விரலால் தேடித்தான்
வீட்டுக்குள் நுழைகிறோம்.