இடைத்தூரம்

அட்வகேட் கமிஷனராக என்னை அமர்த்திய உத்தரவில்
ஒரே ஒரு வேலைதான் இருந்தது:
பூட்டிய கீழ்மணவெளிப் பள்ளி வாசலிலிருந்து
இணைத்த மேல்மணவெளிப் பள்ளி வாசல் வரை
அளந்து சொல்ல வேண்டும்.

அரசுத் தரப்பு வரைபடத்தில்
ஸ்கேல் வைத்து இழுத்த சிவப்புக் கோடு.
தொள்ளாயிரத்து எண்பது மீட்டர்.
கிலோமீட்டருக்கு இருபது குறைவு.
அந்த இருபதில்தான் வழக்கே நின்றது.

கோடு மலட்டாற்றைத் தாண்டியிருந்தது
கால் நனையாமல்.

நாங்கள் போனது ஐப்பசி. ஆற்றில் இடுப்பளவு.
வட்டாரக் கல்வி அலுவலர் பேண்ட்டை மடித்துப் பார்த்தார்,
மறுபடி இறக்கிவிட்டார்.
"பாலம் வழியாவே போயிடலாம் மேடம்."
அவரே சொன்னார் என்பதை
மூன்றாம் பத்தியில் எழுதிவிட்டேன்.

தலையாரி ஆதிமூலம் டேப்பின் நுனியைப் பிடித்தார்.
முப்பது மீட்டருக்கு ஒரு சுண்ணாம்புக் கோடு,
என் டைரியில் ஒரு குச்சி.
கரும்புக் கொல்லை, செங்கல் சூளை,
பாதி எரிந்த குப்பைமேடு.
நடுவில் ஐந்து குச்சி தூரம்
புதுச்சேரியில் நடந்தோம்.
எல்லைக்கல் எதுவும் இல்லை.
சாராயக்கடை சொன்னது.
பிறகு மறுபடி கடலூர் மாவட்டம்.

"அந்த அஞ்சையும் கணக்குல சேக்கலாமா?
வேற மாநிலமாச்சே."
பிள்ளைகளின் கால் சேர்த்துக்கொள்ளும் என்றேன்.
இதை எழுதவில்லை.

மனுதாரர் அஞ்சலாட்சி பின்னாலேயே வந்தார்.
கட்சிக்காரர்கள் குறுக்கே பேசக் கூடாதென்று
யாரோ மிரட்டி வைத்திருந்தார்கள்.
நூறு நாள் வேலையில் வாய்க்கால் வெட்டும் கை
முந்தானையை முறுக்கிக்கொண்டே வந்தது.
எழுபத்தோராவது குச்சியில், புளியமரத்தடியில்
அவர் மட்டும் நின்றுவிட்டார்.
என்ன என்று கேட்டேன்.
"எம்பொண்ணு இங்கதாங்க உக்காந்துக்கும்."

நூற்றுப் பதினான்கு குச்சிகள்.
மூவாயிரத்து நானூற்று இருபது மீட்டர்.

திரும்பி வந்து ஜன்னல் வழியே பார்த்தேன்.
பூட்டும் அரக்கு முத்திரையும் கதவுக்குத்தான்.
கரும்பலகையில் ரெஜினா மேரி டீச்சர் கையெழுத்தில்
பதிவு 9, வருகை 9.
ஒன்பதே பேர் என்கிறது எதிர்மனு.
ஒன்பது பேரும் என்கிறது மனு.
எனக்குத் தெரிந்து அந்த வழக்கில்
இதைத் தவிர வேறு சட்டப் பிரச்சினை இல்லை.

அப்போது மணி அடித்தது.
நாலு பேரும் பூட்டிய கதவைத்தான் பார்த்தோம்.
மணி சாலைக்கு அந்தப் பக்கம்.
அங்கே ஒரு பள்ளிக்கூடம், புதுச்சேரி அரசுடையது,
நீல பெயின்ட், தண்ணீர்த் தொட்டி, கைப்பந்து வலை.
ஆதிமூலம் டேப்பை அந்தத் திசையில் நீட்டி
"இதையும் அளந்துரட்டுங்களா?" என்றார்.
உத்தரவில் அது இல்லை.
வேண்டாம் என்றேன்.

அறிக்கை தாக்கலானது.
அரசுத் தரப்பு ஆட்சேபம் போட்டது:
டேப்புக்கு எடையளவுத் துறையின் முத்திரை உண்டா?
அதற்கு ஒரு வாய்தா.
அலுவலர் மாற்றலாகிப் போனதற்கு ஒன்று.
கட்டு கிடைக்காமல் போனதற்கு இரண்டு.
பிறகு எண்ணுவதை விட்டேன்.

போன வாரம் கடலூர் பஸ் ஸ்டாண்டில்
அஞ்சலாட்சியைப் பார்த்தேன்.
பக்கத்தில் தோளுயரத்துக்கு ஒரு பெண்,
ஏழாம் வகுப்பு, இலவச பஸ் பாஸைக்
கழுத்தில் தொங்கவிட்டிருந்தாள்.
"வணக்கம் சொல்லு தர்ஷிகா,
நம்ம கேஸுக்கு ரோட்டை அளந்தவங்க."
அவள் என் செருப்பைப் பார்த்தாள்.
மனுவில் அவள் இன்னும் இரண்டாம் வகுப்பு.
அவளுக்காகத்தான் அவசர விசாரணை கேட்டிருக்கிறோம்.

அந்த டைரி இன்னும் என்னிடம் இருக்கிறது.
நூற்றுப் பதினான்கு குச்சிகளுக்குக் கீழே,
யாருடைய உத்தரவிலும் இல்லாத ஒரு வரி.
அன்று எல்லோரும் டீ குடிக்கப் போனபின்
நானே நடந்து எண்ணியது:

மணிச்சத்தம் வரை, முந்நூற்றுப் பன்னிரண்டு எட்டு.
சேலை கட்டியிருந்தேன்.
குறைத்துக்கொள்ளலாம்.